வீட்டில் செய்த கிட்டாருக்கு ஃபிளேக் பெயின்ட்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மரத்தை அறுத்து, இழைத்து, குடைந்து கிட்டார் உடலைத் தானே செய்து முடித்தவர் கடைசியில் வந்து நிற்கும் இடம் பெயின்ட். அதிலும் மேடை வெளிச்சத்தில் மின்னும் ஃபிளேக் அடிக்க ஆசைப்படுகிறவர்கள் கேட்கும் சந்தேகங்கள் திரும்பத் திரும்ப ஒன்றாகவே இருக்கின்றன. கேட்டவர்கள் கேட்ட மாதிரியே அவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். எளிய கேள்விகள் முதலில், சிக்கலானவை பின்னால். எல்லாமே திட உடல் கொண்ட எலக்ட்ரிக் கிட்டாரை மனதில் வைத்துச் சொன்னவை. அகூஸ்டிக் பற்றித் தனியாக ஒரு கேள்வி இருக்கிறது.

மெட்டாலிக் பெயின்டும் ஃபிளேக்கும் ஒண்ணுதானே? ரெண்டும் மின்னத்தானே செய்யுது?

மின்னுவது பொது, உள்ளே இருக்கும் சரக்கு வேறு. கார்களில் பார்க்கும் மெட்டாலிக் பெயின்டில் இருப்பவை மிக நுண்ணிய அலுமினியச் செதில்கள், பெரும்பாலும் 50 மைக்ரானுக்குள் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). தனித்தனியாகக் கண்ணில் படாது, மொத்தமாக ஒரு பளபளப்பு மட்டும் தெரியும். பேர்ல் என்று விற்பது மைக்கா துகளின் மேல் டைட்டானியம் டைஆக்சைடு பூசியது. ஃபிளேக் என்பது மெல்லிய பாலியெஸ்டர் படலத்தின் மேல் அலுமினியத்தை வெற்றிடத்தில் ஆவியாக்கிப் படியவைத்து, நிறம் ஏற்றி, பொடி அறுகோணங்களாக வெட்டியது. ஒவ்வொரு துகளும் தனிக் கண்ணாடி. அதனால்தான் கிட்டாரைக் கொஞ்சம் திருப்பினாலும் ஒன்று அணைந்து இன்னொன்று எரிகிறது.

பழைய கிட்டார்களைப் பார்த்து ஆசைப்படுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். ஃபெண்டர் நிறுவனம் 1950, 60களில் அடித்த லேக் பிளாசிட் புளூ, இன்கா சில்வர் போன்றவை டூபான்ட் நிறுவனத்தின் கார் பெயின்ட்கள், அதாவது மெட்டாலிக். கிரெட்ச் நிறுவனத்தின் 1950களின் சில்வர் ஜெட் கிட்டாரில் மின்னுவது பெயின்டே இல்லை. டிரம் மேல் ஒட்டும் மினுமினுப் பிளாஸ்டிக் விரிப்பை உடலின் முகப்பில் ஒட்டினார்கள். 1952இல் வந்த கிப்சன் லெஸ் பால் கிட்டாரின் தங்க நிறம், லாக்கரில் (தின்னர் ஆவியாகியே காயும் பூச்சில்) கலந்த வெண்கலப் பொடி. கை உரசி லாக்கர் தேயும் இடத்தில் அது பச்சை பிடிக்கும். ஆகவே எந்தத் தோற்றம் வேண்டும் என்று முதலில் முடிவு செய்துவிட்டுச் சரக்கு வாங்குங்கள்.

எந்த சைஸ் ஃபிளேக் வாங்கணும்?

முதல் கிட்டார் என்றால் 0.1 மி.மீ., அதாவது 0.004 அங்குலம். அடுத்தது 0.2 மி.மீ. (0.008 அங்குலம்), அதற்கும் மேலே 0.4 மி.மீ. (0.015 அங்குலம்). பாக்கெட்டில் பார்க்கும்போது சின்னது சப்பென்று தெரியும், பெரியதுதான் கண்ணை இழுக்கும். ஆனால் பெரிய ஃபிளேக் கார், படகு போன்ற அகலமான பரப்புகளுக்காக வந்தது. ஒரு கிட்டார் உடலின் முன், பின், பக்கங்கள் எல்லாம் சேர்த்தே 0.3 சதுர மீட்டர் அளவுதான் வரும். அந்தச் சின்ன இடத்தில், வளைவுகளில், 0.4 மி.மீ. துகள் முரட்டுத்தனமாகத் தெரியும். அதைக் கிளியரால், அதாவது மேலே அடிக்கும் நிறமில்லாத பூச்சால், மூடுவதும் பெரும்பாடு.

என் கருத்தில் கிட்டாருக்கு அழகு 0.1தான். பக்கத்தில் பார்த்தால் துகள் துகளாக, பத்தடி தள்ளிப் பார்த்தால் ஒரே ஒளியாக இருக்கும்.

கைவினைக் கடையில கிடைக்கிற கிளிட்டரைப் போடக் கூடாதா? விலை ரொம்பக் கம்மியா இருக்கே?

சிலவற்றைப் போடலாம், சிலவற்றைப் போடவே கூடாது. பாக்கெட்டைப் பார்த்து அதைச் சொல்ல முடியாது. சோதித்துப் பாருங்கள். மூடியுள்ள சின்னக் கண்ணாடிப் பாட்டிலில், நீங்கள் பயன்படுத்தப்போகும் அதே தின்னரை இரண்டு விரற்கடை ஊற்றி, ஒரு சிட்டிகை கிளிட்டர் போட்டு ஓர் இரவு விடுங்கள். காலையில் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் விஷயம் தெரிந்துவிடும். தின்னர் தண்ணீர் போலத் தெளிவாக, துகள் அதே நிறத்தோடு அடியில் கிடந்தால் சரி. தின்னரில் சிவப்போ நீலமோ இறங்கியிருந்தால் சாயம் கரைகிறது என்று பொருள். துகள் சுருண்டோ, ஒன்றோடொன்று ஒட்டியோ கிடந்தால் அது பிவிசி. இரண்டும் வேண்டாம். சாயம் இறங்கும் கிளிட்டர் அடித்த அன்று நன்றாகத்தான் இருக்கும், கிளியர் ஏற ஏற வெளுத்துக்கொண்டே போகும்.

மாஸ்க் கட்டாயமா? வெளியில காத்தோட்டமான இடத்துலதான் அடிக்கப்போறேன்.

கட்டாயம். துணி மாஸ்க், தூசி மாஸ்க் எதுவும் தின்னர் ஆவியைத் தடுக்காது. லாக்கர், அக்ரிலிக் போன்ற ஒற்றைப் பாகப் பெயின்ட்களுக்கு, கரிம ஆவியைப் பிடிக்கும் கார்ட்ரிட்ஜும் முன்னால் துகள் வடிகட்டியும் உள்ள, முகத்தோடு இறுகப் பொருந்தும் மாஸ்க் வேண்டும். தாடி இருந்தால் அது பொருந்தாது.

ஹார்ட்னர் (பூச்சைக் கெட்டியாக்கும் திரவம்) கலக்கும் இரண்டு பாகக் கிளியர், அதாவது 2கே, வேறு மாதிரி ஆபத்து. அதன் ஹார்ட்னரில் ஐசோசயனேட் இருக்கிறது. மூச்சில் போனால் ஆஸ்துமாவைக் கிளப்பும். உடம்பு ஒருமுறை ஒவ்வாமைக்கு ஆளாகிவிட்டால், பிறகு மிகச் சிறிய அளவு பட்டாலே மூச்சு முட்டும், அது போகாது. இதன் வாசனை நம்மை எச்சரிக்கவும் செய்யாது. கார்ட்ரிட்ஜ் தீர்ந்துபோனது தெரியாமலே உள்ளே இழுத்துக்கொண்டிருப்போம். அதனால் 2கே அடிப்பவர்களுக்கு வெளியிலிருந்து சுத்தமான காற்றைக் குழாய் வழியாகத் தரும் மாஸ்க்தான் சரியானது. தோல், கண் வழியாகவும் பாதிக்கும் என்பதால் கையுறை, முழுக்கைச் சட்டை, கண்ணாடி எல்லாம் வேண்டும். இந்த வசதி இல்லையென்றால் 2கே வேலையைக் கார் பெயின்ட் பட்டறையில் கொடுத்து அடித்து வாங்குங்கள். அதில் எந்தக் குறையும் இல்லை.

தீயையும் மறக்காதீர்கள். லாக்கர் ஆவி தரையோடு தவழ்ந்து போகும். பக்கத்து அறையில் எரியும் அடுப்பு, சுவிட்ச் பொறி, சாதாரண மின்விசிறியின் மோட்டார் எதுவும் அதைப் பற்றவைக்கப் போதும்.

கம்ப்ரஸர் இல்ல. ஸ்ப்ரே கேன்ல முடியுமா?

முடியும். ஃபிளேக் கலந்தே வரும் கேன்கள் இருக்கின்றன. அடிப்பதற்கு முன்பு நீண்ட நேரம் குலுக்குங்கள், நடுவிலும் குலுக்கிக்கொண்டே இருங்கள். ஒவ்வொரு சுற்று முடிந்ததும் கேனைத் தலைகீழாகப் பிடித்து, வெறும் காற்று வரும்வரை அழுத்தி நாசிலைச் சுத்தம் செய்யுங்கள். கேனில் ஃபிளேக் அளவு குறைவு. அடிநிறம் தெரியாத அளவுக்கு நெருக்கமாக வேண்டுமென்றால் கூடுதல் கோட்டிங் ஆகும். மேலே மூடும் கிளியருக்கும் பல கேன்கள் போகும். அதையும் சேர்த்துக் கணக்குப் பார்த்துவிட்டு இறங்குங்கள். அடியில் பொத்தானை அழுத்தி ஹார்ட்னரை உடைத்துவிடும் 2கே கேன்களும் உண்டு. அவற்றுக்கும் மாஸ்க் பற்றி மேலே சொன்னது அப்படியே பொருந்தும்.

சாதாரண ஸ்ப்ரே கன் போதுமா, ஃபிளேக்குக்குன்னு தனியா வாங்கணுமா?

கன்னின் பெயரைவிட நாசிலின் துளை முக்கியம். கிளியர் அடிக்கும் 1.3 அல்லது 1.4 மி.மீ. நாசிலில் 0.1 ஃபிளேக் ஒருவழியாகப் போகும், 1.5 இருந்தால் நிம்மதி. 0.2 ஃபிளேக்குக்கு 1.8 முதல் 2.0 வரை. 0.4 என்றால் 2.2, 2.5 என்று போக வேண்டும். ஏர்பிரஷ் உதவாது, துளை மிகச் சிறியது.

கன்னில் பெயின்ட் ஊற்றும் கப்புக்குக் கீழே இருக்கும் வடிகட்டியைக் கழற்றிவிடுங்கள், இல்லாவிட்டால் ஃபிளேக் எல்லாம் அங்கேயே நின்றுவிடும். கிளியரைத் தனியாக வடிகட்டிவிட்டு அப்புறம் ஃபிளேக் கலக்குங்கள். முடிந்தால் ஃபிளேக்குக்கு ஒரு மலிவான கன்னைத் தனியாக வைத்துக்கொள்வது நல்லது. எவ்வளவு கழுவினாலும் எங்கோ ஒளிந்திருக்கும் நாலு துகள், அடுத்த வெள்ளை கிட்டாரில் வந்து உட்காரும்.

மரத்து மேல நேரா அடிக்கலாமா?

கூடாது. ஆஷ், மஹாகனி போல நுண்துளை பெரிதாக உள்ள மரங்களில் முதலில் துளைகளை நிரப்ப வேண்டும். மேப்பிள், ஆல்டரில் அந்த வேலை குறைவு. பிறகு மரத்தை மூடும் சீலர், அதன் மேல் அடிப்பூச்சான பிரைமர், குழி இருந்தால் பட்டி, கடைசியாக 320, 400 எண் உப்புத்தாளால் தேய்ப்பு. ஃபிளேக் தடிமனாக இருப்பதால் அடியில் உள்ள குறையை மறைத்துவிடும் என்று நினைப்பார்கள். உள்ளது நேர் எதிர். அடியில் பள்ளம் இருந்தால் அந்த இடத்துத் துகள்கள் வேறு கோணத்தில் சாய்ந்து படுக்கும், வெளிச்சத்தில் அது தனித் திட்டாகத் தெரியும். விளக்கைப் பக்கவாட்டில் பிடித்துப் பார்த்து, பிரைமரிலேயே சரிசெய்துவிடுங்கள்.

அடியில் என்ன நிறம் கொடுப்பது?

ஃபிளேக்கின் நிறத்துக்குப் பக்கத்தில் உள்ள மெட்டாலிக் நிறம். சில்வர் ஃபிளேக்குக்கு சில்வர், நீலத்துக்கு நீல மெட்டாலிக். அப்போது துகளுக்கும் துகளுக்கும் இடையே உள்ள சந்து தெரியாது, குறைந்த ஃபிளேக்கிலேயே நிறைந்த தோற்றம் கிடைக்கும். கறுப்பின் மேல் அடித்தால் துகள் ஒவ்வொன்றும் தனியாக எடுத்துக்காட்டும். ஆழமாக, இருட்டாக இருக்கும். அதுவும் அழகுதான், ஆனால் அடிக்கும்போது ஏற்படும் ஏற்றத்தாழ்வு அத்தனையும் அதில் அப்பட்டமாகத் தெரியும்.

ஒரு லிட்டருக்கு எத்தனை கிராம் கலக்கணும்?

அடிக்கத் தயாராகத் தின்னர் கலந்த ஒரு லிட்டர் கிளியருக்கு 50 கிராமில் தொடங்குங்கள். ஓர் அட்டையிலோ, மிச்சமான பலகையிலோ அதே அடிநிறம் கொடுத்து, அடித்துப் பார்த்து, கூட்டவோ குறைக்கவோ செய்யுங்கள். ஓர் உடலுக்கு 50 கிராம் ஃபிளேக் பொதுவாகப் போதும். சீக்கிரம் மூட வேண்டும் என்று கொட்டிக் கலந்தால் துகள்கள் ஒன்றின் மேல் ஒன்று ஏறி நிற்கும். பொறுமையாக ஒரு கோட்டிங் கூடுதலாக அடிப்பது மேல்.

ஃபிளேக் கனமானது, நின்ற இடத்தில் அடியில் படிந்துவிடும். கப்பில் இரண்டு மூன்று துருப்பிடிக்காத எஃகுக் குண்டுகளைப் போட்டு, ஒவ்வொரு வீச்சுக்கும் இடையில் கன்னை ஆட்டிக்கொண்டே இருங்கள். கப்பின் வாயைவிட்டு நாசில் பக்கம் இறங்கி அடைக்காத அளவுக்குப் பெரிய குண்டாக இருக்கட்டும்.

எத்தனை கோட்டிங்? எப்படி அடிக்கிறது? எனக்கு எப்பவும் வரிவரியா வருது.

நெருக்கமான தோற்றத்துக்கு மூன்று, நான்கு கோட்டிங் ஆகும். வரி விழுவதற்குக் காரணம் பெரும்பாலும் வீச்சுகள் போதுமான அளவு ஒன்றன் மேல் ஒன்று ஏறாதது. சாதாரணப் பெயின்டில் முந்தைய வீச்சின் பாதியை மூடினால் போதும். ஃபிளேக்கில் முக்கால் பங்கை மூடுங்கள். முதல் கோட்டிங் குறுக்காக, அடுத்தது நெடுக்காக, மூன்றாவது மறுபடி குறுக்காக. காற்றழுத்தத்தைக் கிளியருக்கு வைப்பதைவிடக் குறைத்து வையுங்கள். அழுத்தம் கூடினால் துகள்கள் பரப்பில் மோதித் தெறிக்கும். தூரம் 15 முதல் 20 செ.மீ.

உடலைக் கிடைமட்டமாக வைத்து அடிப்பது மிக முக்கியம். கழுத்துக் குழியில் ஒரு கட்டையை ஸ்க்ரூவால் பிடித்து, அதைக் கைப்பிடியாகக் கொண்டு திருப்பிக்கொள்ளலாம். படுத்திருக்கும் பரப்பில் கிளியர் ஈரமாக இருக்கும் அந்தச் சில நிமிடங்களில் துகள்கள் தாமாகவே தட்டையாகப் படிகின்றன. உற்றுப் பார்த்தால் அது கண்ணுக்கே தெரியும். அடித்த கணத்தில் சாம்பலாகக் கலங்கி இருக்கும் பரப்பு, ஈரம் அடங்க அடங்க ஒவ்வொரு புள்ளியாக ஒளி பெறும். தொங்கவிட்டு அடித்தால் துகள்கள் ஈரத்தோடு கீழே நகர்ந்து அலை அலையாக நிற்கும்.

கடைசியாக, கன்னை 30 செ.மீ. வரை தள்ளிப் பிடித்து, லேசாக ஒரு தூவல். இது முன்பு விழுந்த சின்னச் சின்னத் திட்டுகளைச் சமன்செய்துவிடும். இதில் கை நிற்காமல் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும்.

ஓரங்களில் மட்டும் மொட்டையாகத் தெரிகிறது, ஏன்?

கூர்மையான விளிம்பில் ஈரப் பெயின்ட் நிற்காது, இரு பக்கமும் விலகிவிடும். ஃபிளேக்கும் அதோடு போய்விடும். மிஞ்சி நிற்கும் துகள் குத்திட்டு நிற்கும், தேய்க்கும்போது முதலில் வெட்டுப்படுவதும் அதுதான். இதற்குப் பெயின்டில் தீர்வு இல்லை, மரத்தில்தான் இருக்கிறது. விளிம்புகளை 3 மி.மீ. ஆரத்துக்குக் குறையாமல் உருட்டிவிடுங்கள். அடிக்கும்போது பக்கங்களையும் விளிம்புகளையும் முதலில் முடித்துவிட்டு, அப்புறம் முகப்புக்கு வாருங்கள்.

ஃபிளேக் காய்ஞ்சப்புறம் தொட்டா உப்புத்தாள் மாதிரி இருக்கு. தேய்ச்சு வழவழப்பாக்கலாமா?

தேய்க்காதீர்கள். இந்தப் பக்கத்தில் ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதானால் இதை வையுங்கள். துகளின் மேல் உப்புத்தாள் பட்டால் அதன் நிறப்பூச்சும் அலுமினியமும் உரிந்துபோகும். அந்த இடம் வெளுத்த புள்ளியாக நிற்கும். மேலே எத்தனை கிளியர் அடித்தாலும் அது திரும்பாது.

சொரசொரப்பு இயல்பானது. அதைக் கிளியரால் புதைக்க வேண்டும். ஃபிளேக் வேலையில் பாதிக்கு மேல் இந்தப் புதைக்கிற வேலைதான். கண்ணுக்கு அழகாகத் தெரியும் அந்த ஆழம் ஃபிளேக்கிலிருந்து வருவதில்லை, மேலே நிற்கும் கிளியரிலிருந்து வருகிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள். 0.2 மி.மீ. துகள் ஒன்று சாய்ந்து நின்றால் அதன் முனை 200 மைக்ரான் உயரத்தில் இருக்கும். லாக்கர் ஒரு கோட்டிங் காய்ந்தபின் சுமார் 10 முதல் 15 மைக்ரான். 2கே கிளியர் 30, 40 மைக்ரான் நிற்கும். அப்படியானால் அந்த முனையை மூட லாக்கரில் பதினைந்து கோட்டிங்குக்கு மேல், 2கேயில் ஐந்தாறு கோட்டிங். 0.1 ஃபிளேக்கை நான் முதலில் சிபாரிசு செய்ததற்கு இதுவே பெரிய காரணம்.

அப்போ தேய்க்கிறது எப்போ ஆரம்பிக்கணும்? போதும்னு எப்படித் தெரியும்?

கண்ணை மூடிக்கொண்டு உள்ளங்கையால் தடவுங்கள். ஒரு துகள் முனைகூடத் தட்டுப்படக் கூடாது. தட்டுப்பட்டால் இன்னும் கிளியர் தேவை. தட்டுப்படாதபோது, நன்றாகக் காயவிட்டு, 600 எண் வாட்டர் பேப்பரை (தண்ணீர் தொட்டுத் தேய்க்கும் உப்புத்தாள்) ரப்பர் கட்டையில் சுற்றி, மேடுகளை மட்டும் லேசாகச் சமன்செய்யுங்கள்.

தேய்க்கும்போது வரும் தண்ணீரைப் பாருங்கள். பால் வெள்ளையாக வந்தால் நீங்கள் கிளியரைத்தான் தேய்க்கிறீர்கள். அதில் ஒரு மினுக்கோ, லேசான நிறமோ தெரிந்த உடனே கையை எடுத்துவிடுங்கள், ஃபிளேக்கைத் தொட்டுவிட்டீர்கள். அந்த இடத்தைத் துடைத்து, காயவைத்து, மேலும் கிளியர் ஏற்றுங்கள்.

முதல் சமன் முடிந்ததும் மறுபடி இரண்டு மூன்று கிளியர். காய்ந்தபின் 800, 1000, 1500, 2000 என்று படிப்படியாகத் தேய்த்து, காம்பவுண்டால் பாலிஷ். விளிம்புகளில் 2000க்குக் கீழே எதையும் தொடாமல் இருப்பது உத்தமம்.

லாக்கரா, 2கேயா? எதைப் போடலாம்னு ஒரே முடிவாச் சொல்லுங்க.

ஃபிளேக்கைப் புதைக்க 2கே. மேலே போட்ட கணக்கே பதில். லாக்கரை அவ்வளவு தடிமனாக ஏற்றினால் பல வாரம் இளகியே இருக்கும், குளிர் வெப்பம் மாறும்போது வெடிப்பும் விடும். தவிர, நைட்ரோ (நைட்ரோசெல்லுலோஸ்) லாக்கர் காலப்போக்கில் மஞ்சளாகும். பழைய லேக் பிளாசிட் புளூ கிட்டார்கள் பச்சை சாயலாகத் தெரிவது அதனால்தான். சில்வர் ஃபிளேக்கின் மேல் அந்த மஞ்சள் தங்கம் போல நிற்கும். அதை விரும்பிச் செய்கிறவர்களும் உண்டு.

2கே பாதுகாப்பாக அடிக்க வசதி இல்லாதவர்கள் 0.1 ஃபிளேக்கோடு அக்ரிலிக் லாக்கரில் செய்யலாம். நாளுக்கு இரண்டு மூன்று கோட்டிங்குக்கு மேல் போகாமல், நிதானமாக ஏற்ற வேண்டும்.

கேண்டி கலர் வேணும். ஃபிளேக்லயே அந்த நிறம் வாங்கணுமா?

வேண்டாம். சில்வர் ஃபிளேக் அடித்து, மெல்லிய கிளியரால் ஓரளவு மூடி, அதன் மேல் ஒளி ஊடுருவும் கேண்டி நிறத்தை அடியுங்கள். ஒளி நிறத்தைக் கடந்து போய், சில்வரில் பட்டு, மறுபடி நிறத்தைக் கடந்து வருகிறது. அதனால்தான் அந்தச் செறிவு. ஆனால் ஒவ்வொரு கோட்டிங்கிலும் நிறம் இருளும், இரண்டு வீச்சு ஏறிய இடம் இருட்டுப் பட்டையாக நிற்கும். சொரசொரப்பான ஃபிளேக்கின் மேல் நேரடியாக அடித்தால் பள்ளங்களில் கேண்டி தேங்கித் திட்டுத் திட்டாகும். கிளியரால் ஓரளவு மூடச் சொன்னது அதற்குத்தான். அந்தக் கிளியரை 600இல் தேய்த்துச் சமன்செய்துவிட்டு அடித்தால் இன்னும் சீராக வரும்.

சன்பர்ஸ்ட் மாதிரி ஓரம் இருட்டா, நடு ஃபிளேக்கா செய்யலாமா?

தாராளமாக. ஃபிளேக்கை முழுப் பரப்பிலும் அடித்து, மேலே சொன்னபடி கிளியர் ஏற்றிச் சமன்செய்தபின், ஓரத்தில் ஒளி ஊடுருவும் கறுப்பையோ கேண்டியையோ வெளியிலிருந்து உள்ளே மங்கிவரும்படி அடியுங்கள். ஓரங்களில் ஃபிளேக் மெலிந்திருந்தால் இந்த இருட்டு அதையும் மறைத்துவிடும்.

கழுத்துக் குழி, ஸ்க்ரூ ஓட்டைகளை என்ன செய்வது?

கழுத்துக் குழியை மாஸ்கிங் டேப்பால் முழுக்க மூடிவிடுங்கள். ஃபிளேக் பூச்சு முழுதாக முடியும்போது அரை மில்லிமீட்டர்கூட வரலாம். குழியின் இரு பக்கச் சுவரிலும் அது ஏறினால் கழுத்து உள்ளே போகாது. பலவந்தமாகத் தள்ளினால் ஓரத்துப் பெயின்ட் வெடிக்கும். டேப்பைக் கிளியர் முழுக்கக் கெட்டியாவதற்கு முன்பே, விளிம்பில் பிளேடால் கீறிவிட்டு எடுங்கள்.

பெயின்ட் முடிந்து ஸ்க்ரூ போடுவதற்கு முன்பு, ஓட்டையின் வாயில் பெயின்டைக் கவுன்டர்சிங்கால் (ஓட்டை வாயைச் சரிவாக வெட்டும் கூம்பு முனை) கையாலேயே லேசாகச் சரித்துவிட வேண்டும். தடித்த பூச்சில் ஸ்க்ரூ நேராக இறங்கினால் சுற்றிலும் நட்சத்திரம் போல வெடிப்பு ஓடும். வாட்டர் பேப்பர் போடும்போது ஓட்டைகளை அடைத்து வையுங்கள். தண்ணீர் இறங்கினால் மரம் உப்பி, சுற்றியுள்ள பெயின்டைத் தூக்கிவிடும்.

கழுத்தோட பின்பக்கமும் அடிக்கலாமா?

தலைப்பகுதியின் முகத்துக்கு அடியுங்கள், உடலோடு பொருந்தி அழகாக இருக்கும். கழுத்தின் பின்பக்கம் வேண்டாம். தடித்த பூச்சு கழுத்தின் வடிவத்தையே மாற்றும், கட்டைவிரல் ஓடும் பாதையில் தேய்ந்து ஃபிளேக் வெளியே வந்தால் கையை அறுக்கும்.

அலுமினியத் துகள் பிக்கப்பைப் பாதிக்காதா? சவுண்ட் மாறுமா? ஷாக் அடிக்குமா?

பிக்கப்பை, அதாவது கம்பியின் அதிர்வைப் பிடிக்கும் காந்தச் சுருளை, பாதிக்காது. அலுமினியத்தைக் காந்தம் இழுக்காது. துகள்கள் ஒவ்வொன்றும் கிளியருக்குள் தனித்தனியாகச் சிறைப்பட்டிருப்பதால் மின்சாரம் அதன் வழியே ஓடுவதில்லை. அதே காரணத்தால் இரைச்சலைத் தடுக்கும் கவசமாகவும் அது வேலை செய்யாது. அதற்குக் குழிகளில் செம்புத் தகடோ, கடத்தும் பெயின்டோ தனியாகப் போட வேண்டும். திட உடல் கிட்டாரில் பூச்சின் தடிமனால் ஒலி மாறுவதைக் காதால் பிரித்துச் சொல்வது கடினம்.

அப்படின்னா அகூஸ்டிக்குக்கும் அடிக்கலாமா?

அகூஸ்டிக்கின் மேல் பலகைக்கு வேண்டாம். அங்கே ஒலியைத் தருவது அந்த மெல்லிய பலகையின் அதிர்வு. நல்ல அகூஸ்டிக்கில் லாக்கர் பூச்சு 0.1 மி.மீ. ஒட்டியே வைக்கப்படுகிறது. அதன் மேல் அரை மில்லிமீட்டர் பிளாஸ்டிக்கைச் சுமத்தினால் ஒலி அமுங்கிவிடும். ஆசையை அடக்க முடியாதவர்கள் தலைப்பகுதியில் அடித்துக்கொள்ளலாம்.

லாக்கர் அடிச்ச உடனே பனி படிஞ்ச மாதிரி வெள்ளையாயிடுச்சு. எல்லாம் போச்சா?

போகவில்லை. காற்றில் ஈரம் அதிகமாக இருக்கும்போது, தின்னர் வேகமாக ஆவியாகிப் பரப்பைக் குளிரவைக்கிறது, காற்றின் ஈரம் அதில் படிந்து உள்ளே மாட்டிக்கொள்கிறது. வறண்ட நாளில், மெதுவாக ஆவியாகும் ரிடார்டர் தின்னரை லேசாகத் தூவினால் லாக்கர் மறுபடி இளகி ஈரத்தை வெளியே விடும். மழை நாட்களில் லாக்கர் வேலையைத் தள்ளிப்போடுவதே நல்லது.

கண்ணாடி மாதிரி பாலிஷ் பண்ணேன். ஒரு மாசத்துல மறுபடி புள்ளி புள்ளியா மேடு தெரியுது. என்ன தப்பு?

கிளியர் சுருங்கியிருக்கிறது. தின்னர் முழுக்க வெளியேறப் பல நாள் ஆகும், அதுவரை படலம் இறங்கிக்கொண்டே இருக்கும். துகள் இருக்கும் இடத்தில் கிளியர் மெல்லியது, சந்துகளில் தடித்தது. தடித்த இடம் அதிகம் இறங்குவதால் துகளின் வடிவம் மேலே தெரிகிறது. மறுபடி 1500இல் தொடங்கித் தேய்த்துப் பாலிஷ் செய்தால் சரியாகும், மேலே போதுமான கிளியர் இருக்கும் பட்சத்தில். அடுத்த முறை கடைசித் தேய்ப்புக்கு முன்பு நைட்ரோ லாக்கரை மூன்று நான்கு வாரம், 2கேயைக் குறைந்தது ஒரு வாரம் காயவிடுங்கள்.

பெல்ட் பக்கிள் பட்டு ஒரு இடத்துல பெயர்ந்துடுச்சு. அந்த இடத்துக்கு மட்டும் ஃபிளேக் அடிக்க முடியுமா?

எவ்வளவு ஆழம் என்பதைப் பொறுத்தது. கீறல் கிளியரோடு நின்றிருந்தால், சொட்டுச் சொட்டாகக் கிளியர் விட்டு நிரப்பி, காய்ந்தபின் தேய்த்துப் பாலிஷ் செய்துவிடலாம். இடமே தெரியாது.

ஃபிளேக்கோடு பெயர்ந்திருந்தால் கன்னால் அடிக்கப் போகாதீர்கள். சுற்றியுள்ள நல்ல இடத்தின் மேல் இரண்டாவது ஃபிளேக் அடுக்கு ஏறி, வட்டமாகத் தழும்பு தெரியும். குழியில் அடிநிறத்தைத் தொட்டு வைத்து, காய்ந்தபின் துளி கிளியர் வையுங்கள். அதே பாக்கெட் ஃபிளேக்கை ஈரமான பல்குச்சி முனையில் எடுத்து, ஒவ்வொன்றாகத் தட்டையாகப் படுக்கவையுங்கள். பிறகு நாள்கணக்கில் துளித் துளியாகக் கிளியர் விட்டு மேலே கொண்டுவந்து, சமன்செய்து, பாலிஷ். கேண்டி நிறத்தில் இதுவும் முழுதாக ஒத்துவராது, நிறச் சாயல் சற்று மாறும்.

இதற்காகவே, வேலை முடிந்ததும் மிச்சமான ஃபிளேக்கையும் கொஞ்சம் அடிநிறத்தையும் தனித்தனிப் பாட்டிலில் மூடி, எந்தக் கிட்டார், எந்த நிறம், எந்தக் கிளியர் என்று எழுதி ஒட்டி வைத்துவிடுங்கள்.